விஞ்ஞானத் தொலைக்காட்சி நாடகத்திற் பாத்திரமும் பணயமும்

பாட்டின் பொருளை ஆராய்ந்த தொல்காப்பியர் அதனை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அவ்வந் நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இவற்றுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது மரபு. அகத்திணைப் பாடல்களை நோக்கிக் கூறப்பட்ட இப்பாகுபாடு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேனாட்டிலே தோன்றிய விஞ்ஞானத் தொலைக்காட்சி நாடகம் என்னும் புதுவகைக் கலையை அளப்பதற்கும் ஏற்ற கோலாகும். அக்கலையிலே நிலம் பூமிக்கு அப்பாற்பட்டது. பொழுது இன்னும் வாராதது. விலங்கும் கருவியும் தொழிலும் எவரும் காணாதன. முதலும் கருவும் இவ்வாறு முற்றிலும் மாறியபின், பார்ப்போர் பற்றி நிற்பதற்கு எஞ்சுவது உரிப்பொருள் ஒன்றே. அதுவும் பொய்யாயின் நாடகம் முழுவதும் பொம்மலாட்டமாய் முடியும்.

நிகழக்கூடியதாயினும் நம்பத்தகாத ஒன்றைக் காட்டிலும், நிகழ முடியாததாயினும் நம்பத்தக்க ஒன்றே கவிஞனுக்கு உகந்தது என்பது கிரேக்க நாட்டு அரிஸ்டோட்டில் கொண்ட கருத்து. விண்கலம் ஒளியிலும் விரைந்து செல்லுமா என்ற வினாவை எழுப்பிக்கொண்டு எவரும் நாடகம் பார்ப்பதில்லை. அக்கலத்திலுள்ள தலைவன் தன் நண்பனைக் காட்டிக் கொடுப்பானா என்ற வினாவே அவர்களை இருக்கையில் இருத்துகின்றது. எனவே நம்பகம் என்பது கருவியைப் பற்றியதன்று, பாத்திரத்தைப் பற்றியது.

நம்பத்தக்க பாத்திரம் என்பது யாது? நற்குணங்களின் தொகுதியும் அன்று. தீக்குணங்களின் தொகுதியும் அன்று. தன்னுள்ளே ஒன்றோடொன்று பொருந்தாத இரு விருப்பங்களை உடையதாய், அவற்றுள் ஒன்றைக் கொள்வதற்கு மற்றொன்றை இழக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவதே அத்தகைய பாத்திரம். அவ்வாறு இழக்கப்படும் பொருளையே பணயம் எனலாம். பாரதத்துச் சூதிலே நாடும் செல்வமும் தோற்கப்பட்டபோது எழாத நடுக்கம், தம்பியரும் பாஞ்சாலியும் பணயமாக வைக்கப்பட்டபோது எழுகின்றது. பணயத்தின் பெருமை அதன் பரப்பைப் பொறுத்ததன்று. வைத்தவனுக்கும் அதற்கும் உள்ள உறவைப் பொறுத்தது. இவ்வுண்மையை விஞ்ஞான நாடக ஆசிரியர் பலர் மறந்துவிடுகின்றனர். ஓர் ஊரையும் ஒரு குடும்பத்தையும் கொண்டு கதை சொல்வோருக்கு இல்லாத வசதி அவர்களுக்கு உண்டு. ஒரு வரியிலே உலகத்தை அழிக்கலாம். மறு வரியிலே அண்டத்தையும் அழிக்கலாம். அவ்வாறு எளிதாய்க் கிடைக்கும் பேரழிவு பார்ப்போர் நெஞ்சைத் தொடுவதில்லை.

இவ்வகை நாடகத்துக்கு உரிய இடர்ப்பாடுகள் வேறும் இரண்டு உள. முதலாவது, கால யந்திரமும் அதுபோன்ற கருவிகளும் நிகழ்ந்ததை நிகழாததாக்க வல்லன. இறந்தவன் மீள்வானாயின் இறப்புக்குப் பொருளில்லை. இரண்டாவது, தொடர்நாடகம் என்னும் வடிவத்தின் இயல்பு. தலைமைப் பாத்திரம் அடுத்த வாரமும் வரவேண்டும் என்பதைப் பார்ப்போர் யாவரும் அறிவர். ஆகவே அவன் உயிருக்கு நேரும் ஆபத்து உண்மையான ஆபத்தாவதில்லை. இவ்விடர்களைச் சிறந்த ஆசிரியர்கள் எவ்வாறு வென்றனர் என்பதும், வெல்லாதோர் எவ்விடத்துத் தவறினர் என்பதும் ஆராயத்தக்கன.

இவ்வகையின் தொடக்ககால ஆக்கங்களுள் ஒன்று, 1953ஆம் ஆண்டு யூலை, ஓகத்து மாதங்களில் பி.பி.சி. நிறுவனம் ஆறு அங்கங்களாக ஒளிபரப்பிய ‘குவாட்டர்மாஸ் பரிசோதனை’. எழுதியவர் நைஜல் நீல். நாடகம் நேரடியாகவே நடிக்கப்பட்டு ஒளிபரப்பப்பட்டது. முதலிரண்டு அங்கங்களின் பதிவே இன்று எஞ்சியுள்ளது. பேராசிரியர் குவாட்டர்மாஸ் மூவரை ஏற்றி விண்ணுக்கு அனுப்பிய கலம் வழிதவறித் திரும்பி வீழ்கின்றது. பூட்டிய கதவைத் திறந்தபோது உள்ளே இருப்பவன் கரூன் ஒருவனே. ஏனையோரின் உடைகள் மாத்திரம் வெறுமையாய்க் கிடக்கின்றன. மூவரையும் ஒன்றாக்கிய ஏதோ ஓர் உயிர் கரூனின் உடலைச் சிறிது சிறிதாக மாற்றுகின்றது. இறுதியில் அது பெருந்தாவரம் போன்ற உருவமாய் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உட்புறத்தே பற்றிப் படர்ந்து நிற்கின்றது.

அந்தப் பயங்கர உருவத்தைக் காட்டுவதற்குப் பணமோ வசதியோ இருக்கவில்லை. தேவாலயத்தின் பெரிதாக்கிய படமொன்றிலே துளையிட்டு, இலைகுழை ஒட்டிய கையுறைகளை அணிந்து, நீல் தம் கைகளையே அதனூடாக நீட்டி அசைத்தார். ஆயினும் அக்காட்சி வென்றது. காரணம், குவாட்டர்மாஸ் அவ்வுருவத்தின்மீது படைக்கலம் ஒன்றையும் ஏவவில்லை. அதனுள்ளே இன்னும் உயிர்த்திருக்கக்கூடிய அம்மூவரையும் பெயர் சொல்லி அழைக்கின்றார். மனிதராக நின்று அதனை எதிர்க்குமாறு வேண்டுகின்றார். அவர்கள் கேட்கின்றனர், தம்மோடு அதனையும் மாய்க்கின்றனர். அவர்களை விண்ணுக்கு அனுப்பியவர் எவரோ அவரே இப்பொழுது அவர்களைச் சாகும்படி இரக்க வேண்டியவராகின்றார். உலகம் பிழைத்தது என்ற மகிழ்ச்சியினும் இந்த இரத்தலின் துயரே மேலோங்கி நிற்கின்றது.

இதே கதை 1955ஆம் ஆண்டு திரைப்படமாக வந்தபோது முடிவு மாற்றப்பட்டது. மின்சாரத்தைப் பாய்ச்சி உருவம் எரிக்கப்படுகின்றது. திரைப்படத்துக்குத் தொலைக்காட்சியினும் வசதி மிகுதி, காட்சியும் தெளிவானது. எனினும் பேராசிரியருக்கும் இறப்போருக்கும் இடையிலிருந்த உறவு அறுந்தபடியால், அம்முடிவு ஒரு பொறியியல் வெற்றியாக மாத்திரம் எஞ்சுகின்றது. ஒரே கதையின் இவ்விரு முடிவுகளும் பணயம் என்பது யாது என்பதை எந்த இலக்கணத்தினும் தெளிவாக விளக்குகின்றன.

1966ஆம் ஆண்டு செத்தெம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவிலே தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ ஜீன் ரொடன்பெரியின் படைப்பு. 1969 வரை மூன்று பருவங்களில் 79 அங்கங்கள் ஒளிபரப்பாயின. கப்பற்றலைவன் கேர்க், அறிவையே துணையாகக் கொள்ளும் ஸ்பொக், இரக்கத்தையே துணையாகக் கொள்ளும் வைத்தியர் மக்கோய் ஆகிய மூவரும் அதன் தூண்கள். அறிவும் இரக்கமும் இருபுறமும் நின்று வாதிட, நடுவிலே நிற்பவன் முடிவு செய்யவேண்டும் என்ற அமைப்பு நாடகத்துக்கு மிக ஏற்றது. அவ்வமைப்பு முழுப்பயன் தந்த அங்கம் 1967 ஏப்பிரில் 6ஆம் நாள் ஒளிபரப்பான ‘என்றென்றுமின் விளிம்பிலுள்ள நகரம்’ என்பதாகும். ஹார்லன் எலிசன் எழுதி, பிறரால் திருத்தப்பட்டு வெளிவந்த இவ்வங்கத்துக்கு 1968இல் ஹியூகோ பரிசு கிடைத்தது.

மருந்தின் மயக்கத்தால் அறிவிழந்த மக்கோய் காலவாயில் ஒன்றினூடே பாய்ந்து மறைகின்றார். அக்கணமே வரலாறு மாறுகின்றது. விண்ணிலே நின்ற கப்பலும் இல்லாதொழிகின்றது. அவரைத் தேடிக் கேர்க்கும் ஸ்பொக்கும் 1930ஆம் ஆண்டு நியூயோர்க் நகரை அடைகின்றனர். அங்கே ஏழைகளுக்கு உணவளிக்கும் ஈடித் கீலர் என்னும் பெண்ணைக் கேர்க் காதலிக்கின்றான். அவளோ வீதி விபத்தில் இறக்க வேண்டியவள். இறவாது பிழைப்பாளாயின் அவள் நடத்தும் சமாதான இயக்கம் வளர்ந்து, அமெரிக்கா போரில் இறங்குவதைத் தாமதப்படுத்தும். அணுகுண்டு முதலிலே ஹிட்லரின் கைக்குப் போய்ச் சேரும். நல்லவளின் நற்செயலே உலகின் கேட்டுக்கு வித்தாகும் என்பது இங்கே அமைந்த முரண். வண்டி வருகின்றது. காப்பாற்றப் பாயும் மக்கோயைக் கேர்க் தன் கையாலேயே தடுத்துப் பிடிக்கின்றான். செய்தது இன்னதென்று தெரியுமா என வைத்தியர் வெகுண்டு வினவ, அவனுக்குத் தெரியும் என்று ஸ்பொக் அமைதியாக விடை கூறுகின்றான். அறிவின் உருவமாய் நிற்பவன் வாயிலிருந்து அவ்விடை வருவதாலேயே அதிலுள்ள இரக்கம் இருமடங்காகின்றது.

இவ்வங்கத்திலே மாறிய வரலாறு மீண்டும் பழைய நிலையை அடைகின்றது. கப்பல் மீள்கின்றது; கோடிக்கணக்கான உயிர்கள் மீள்கின்றன. ஆனால் ஈடித் மீளவில்லை. அவளை இறக்க விட்டவனின் நினைவும் அழியவில்லை. காலக்கருவி எதை வேண்டுமானாலும் மீட்கட்டும். பாத்திரத்தின் உள்ளத்தில் ஒரு வடு எஞ்சுமாயின் பணயம் மெய்யாகின்றது. இதனை விஞ்ஞான நாடகத்தின் முதல் விதி எனலாம்.

ஆயினும் இங்கே ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. அடுத்த வாரம் கேர்க் வேறோர் உலகிலே வழமைபோல் நடமாடுகின்றான். ஈடித்தின் பெயர் அந்தத் தொடரில் மறுபடியும் எழுவதில்லை. ஒவ்வோர் அங்கமும் தனித்து நிற்க வேண்டும், எவ்வொழுங்கில் மறு ஒளிபரப்புச் செய்தாலும் விளங்க வேண்டும் என்பது அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியின் வணிக முறை. அம்முறை பாத்திரங்களின் ஞாபகத்தைப் பறித்தது. ஞாபகமில்லாத பாத்திரம் எத்துணை அழகாகத் துயருற்றாலும் அதன் வாழ்வு வளர்வதில்லை.

இக்குறை முற்றிப் பழுத்த நிலையை 1995 முதல் 2001 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்: வொயேஜர்’ தொடரிற் காணலாம். வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டுத் தொலைவிலே எறியப்பட்ட கப்பல். திரும்புவதற்கு ஏறத்தாழ ஒரு மனித ஆயுட்காலம் வேண்டும். நாடகத்துக்கு இதனினும் சிறந்த வித்துக் கிடைத்தல் அரிது. எனினும் வாரந்தோறும் போரிற் சிதைந்த கப்பல் மறுவாரம் புதுமெருகோடு தோன்றுகின்றது. 1997 நவம்பரில் இரு பகுதிகளாக வந்த ‘நரகத்தின் ஆண்டு’ என்னும் அங்கம் இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. ஓராண்டுக் காலம் கப்பல் சிதைகின்றது, ருவொக் என்பவர் கண்ணை இழக்கின்றார், ஒவ்வொருவராய்ப் பிரிகின்றனர், இறுதியிலே தலைவி ஜேன்வே சிதைந்த கப்பலைப் பகைவனின் காலக்கலத்தின்மீதே மோதுகின்றாள். உடனே காலம் பின்னோக்கிச் செல்கின்றது. அவ்வாண்டு நிகழவேயில்லை, எவருக்கும் ஞாபகமுமில்லை. பார்த்தோர் பட்ட துன்பத்துக்குச் சாட்சியாக ஒரு கீறலும் எஞ்சவில்லை.

வியப்பு யாதெனின், இந்த அங்கத்தில் மெய்யான பணயத்தை உடையவன் பகைவனாகிய அனொராக்ஸ் ஒருவனே. தன் நாட்டின் பெருமையை மீட்பதற்காகக் காலத்தைத் திருத்தப்போய், அத்திருத்தத்தாலேயே மனைவியை இழந்தவன் அவன். அவளை மீட்பதற்காக உலகங்களைத் துடைத்தழித்துக் கணக்கிட்டு வாழ்கின்றான். இறுதியில் அவள் மீண்டும் அவன் அருகில் இருக்கின்றாள். அவனோ அதே கணக்குகளை மேசையிலே விரித்து வைத்திருக்கின்றான். கப்பலின் ஓராண்டுத் துன்பத்தினும் இச்சிறு காட்சி ஆழமானது. குற்றம் மனத்திலிருந்து முளைப்பது. காலத்தைத் துடைத்தாலும் அதன் வேர் எஞ்சும் என்ற எச்சரிக்கை அதிலே உண்டு.

இதனோடு ஒப்பிடத்தக்கது ‘ஸ்டார் ட்ரெக்: புதிய தலைமுறை’ தொடரில் 1992 யூன் 1ஆம் நாள் வந்த ‘உள்ளொளி’. அழிந்துபோன ஓர் உலகம் அனுப்பிய கருவியொன்று கப்பற்றலைவர் பிக்கார்டைத் தாக்குகின்றது. கப்பலிலுள்ளோர் கணக்கில் அவர் மயங்கிக் கிடந்தது ஏறத்தாழ 25 நிமிடம். அவருக்கோ அது ஒரு வாழ்க்கை. கற்றான் என்னும் உலகிலே கமின் என்ற பெயரோடு மனைவி, மக்கள், பேரப்பிள்ளை ஆகியோருடன் மூப்படைகின்றார். வறண்டு அழியப்போகும் அவ்வுலகத்து மக்கள், தாம் வாழ்ந்ததை எவரேனும் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அக்கருவியை விண்ணிலே விட்டனர். விழித்தெழுந்த பிக்கார்டின் கையில் எஞ்சுவது அவர் அங்கே வாசிக்கக் கற்ற சிறு குழல் ஒன்று. புற உலகில் எதுவும் நிகழவில்லை என்ற அளவில் இது ‘நரகத்தின் ஆண்டு’ போன்றதே. ஆயினும் அங்கே நினைவு அழிந்தது. இங்கே நினைவே முழுப்பொருளாய் நின்றது. மறு ஆண்டு வந்த வேறோர் அங்கத்திலும் அக்குழல் மீண்டும் ஒலித்தது. நிகழ்ச்சி மெய்யா கனவா என்பது முக்கியமன்று. அது பாத்திரத்திலே தங்கியதா இல்லையா என்பதே முக்கியம் என்பதனை இவ்விரண்டு அங்கங்களும் சேர்ந்து நிறுவுகின்றன.

உலகம் அழியும் என்ற அச்சுறுத்தல் சிறிதுமின்றியே உயர்ந்த நாடகம் அமையலாம் என்பதற்கு அதே தொடரின் ‘ஒரு மனிதனின் அளவு’ சான்று. 1989 பெப்ரவரியில் வந்த இதனை எழுதியவர் மெலிண்டா ஸ்னொட்கிராஸ். அவர் சட்டம் பயின்றவர். டேட்டா என்பது மனித உருவில் அமைந்த யந்திரம். கப்பலில் அதிகாரியாகப் பணிபுரிவது. அதனைப் பிரித்து ஆராய்ந்து அதுபோற் பலவற்றைச் செய்ய மடொக்ஸ் என்பவர் வருகின்றார். டேட்டா உடைமையா, உரிமையுள்ள உயிரா என்பதே வழக்கு. பிக்கார்ட் அதன் சார்பில் வாதிடுகின்றார். எதிர்வாதம் புரியும் கடமை டேட்டாவின் நண்பனாகிய ரைக்கர் தலையில் விழுகின்றது. மறுத்தால் வழக்கே இன்றி டேட்டா பொருளெனத் தீர்க்கப்படும். ஏற்றபின் மனமறிந்து தளர்ந்து வாதிட்டாலும் அதுவே முடிவு. ஆகவே நண்பனைக் காப்பதற்கு அவன் நண்பனை அழிக்கும் வாதத்தையே முழுவன்மையோடு தொடுக்க வேண்டியவனாகின்றான். டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுகின்றான். முதுகிலுள்ள விசையை அழுத்தி அதனை அணைத்தும் விடுகின்றான். நீதிமன்றம் ஒருகணம் உறைந்து நிற்கின்றது.

தீர்ப்பு டேட்டாவுக்குச் சார்பாய் முடிந்தபின் ரைக்கர் விருந்துக்கு வராது தனித்திருக்கின்றான். அவனிடம் டேட்டா சென்று, அவன் பட்ட நோவே தன்னைக் காத்தது என்ற பொருள்பட ஆறுதல் கூறுகின்றது. உணர்ச்சியற்றதென்று வாதிக்கப்பட்ட ஒன்றே அங்கு உணர்ச்சியின் நுட்பத்தை அறிந்ததாய் நிற்கின்றது. வெடியும் தீயுமின்றி, ஒரு சிறு மண்டபத்தினுள் நான்கு பேர் பேசும் பேச்சினாலேயே இவ்வளவும் நிகழ்த்தப்பட்டது. அடிமை வாணிகத்தின் நிழல் இவ்வழக்கின்மீது விழுகின்றது என்பதைக் கப்பலின் மூத்த பெண்ணொருத்தி பிக்கார்டுக்கு உணர்த்தும் இடம், ஒருவனின் வழக்கைப் பலகோடி மாந்தரின் வழக்காக விரிக்கின்றது. சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்லும் இவ்வழியே நேரியது. பெரியதிலே தொடங்கியோர் அதற்கு மேற் செல்ல இடமின்றித் திகைப்பர்.

வினாவை உயர்வாக எழுப்பியும் விடைக்குரிய விலையைக் கொடாது நழுவிய நாடகமும் உண்டு. பி.பி.சி. 1963 நவம்பர் 23ஆம் நாள் தொடங்கிய ‘டொக்டர் ஹூ’ தொடரிலே, 1975இல் டெரி நேஷன் எழுதி வெளிவந்த ‘டலெக்குகளின் தோற்றம்’ புகழ்பெற்றது. அண்டத்துக்கே பகையாகப் போகும் டலெக்குகளைக் கருவிலேயே அழிக்கும் வாய்ப்பு டொக்டருக்குக் கிடைக்கின்றது. இரு மின்கம்பிகளைத் தொடுத்தாற் போதும். கையிலே கம்பிகளை வைத்துக்கொண்டு, ஓர் இனத்தை முற்றாக அழிக்கத் தனக்கு உரிமையுண்டா என்று அவர் தயங்குகின்றார். தொலைக்காட்சி நாடகத்தில் எழுப்பப்பட்ட அறவினாக்களுள் இது தலையாயது. ஆனால் அவர் முடிவு செய்யுமுன்னே பகைவர் இணங்கிவிட்டனர் என்ற செய்தி வருகின்றது. தயக்கம் தானாகவே தீர்கின்றது. பின்னர் அவர் மறுபடியும் முயலும்போது, டலெக் ஒன்று கம்பிகள்மீது ஊர்ந்து சென்று இணைப்பை ஏற்படுத்துகின்றது. தெரிவு பாத்திரத்தின் கையிலிருந்து தற்செயலின் கைக்கு மாறிவிட்டது. கேர்க்கின் கை மக்கோயைப் பிடித்ததுபோல, டொக்டரின் கை கம்பியைத் தொட்டிருந்தாலும் விட்டெறிந்திருந்தாலும் நாடகம் நிறைவெய்தியிருக்கும்.

ஞாபகமின்மை என்ற குறையைத் திட்டமிட்டுக் களைந்தவர் ஜே. மைக்கல் ஸ்ட்ராசின்ஸ்கி. 1994 முதல் 1998 வரை ஐந்து பருவங்களாக வந்த ‘பபிலோன் 5’ தொடரின் 110 அங்கங்களில் 92ஐ அவரே எழுதினார். தொடக்கம், நடு, முடிவு என்பன முன்கூட்டியே வகுக்கப்பட்டமையால், முதலாண்டிற் பேசப்பட்ட சொல் நான்காம் ஆண்டிலே பழுத்து வீழ்ந்தது. தொடரின் உயிர் என்று கூறத்தக்கோர் இரு தூதுவர்: வீழ்ந்துவரும் சென்டோரிப் பேரரசின் லொண்டோ, அப்பேரரசின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட நார்ன் இனத்தின் ஜகார். உனக்கு வேண்டியது யாது என்று மர்மமான ஒருவன் இருவரையும் கேட்கின்றான். ஜகார் பழிவாங்கல் என்கின்றான். அதற்கப்பால் அவனுக்கு விருப்பமில்லை என்று கண்டு வந்தவன் விலகுகின்றான். லொண்டோவோ தன் நாட்டின் பழம்பெருமை முழுவதும் மீளவேண்டும் என்கின்றான். அவ்விருப்பத்திலே தேசாபிமானமும் தன் வாழ்வு வீணாயிற்றே என்ற ஏக்கமும் கலந்துள்ளன. தீமை அவ்வேக்கத்தின் வழியாகவே நுழைகின்றது.

1995இல் வந்து, மறு ஆண்டு ஹியூகோ பரிசு பெற்ற ‘நிழல்களின் வருகை’ என்னும் அங்கம் இப்பாத்திரங்களின் திருப்பம். நோயுற்ற சென்டோரிச் சக்கரவர்த்தி தம் முன்னோர் செய்த கொடுமைக்கு நார்ன் மக்களிடம் மன்னிப்பு வேண்ட வருகின்றார். அவரைக் கொல்லக் காத்திருந்த ஜகார் அச்செய்தியைக் கேட்டு உருகுகின்றான். பகை தீர்ந்தது என்று நம்பி லொண்டோவைத் தேடிப்போய்க் கைகுலுக்கி மது அருந்த அழைக்கின்றான். அவ்வேளையில் லொண்டோவின் ஏற்பாட்டினாலேயே நார்ன் குடியிருப்பு ஒன்று தாக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றது. எதிரே நிற்பவன் சிரித்த முகத்தோடு நீட்டும் கிண்ணத்தை லொண்டோ ஏற்கவேண்டும். அம்முகத்திலே தோன்றும் வெட்கமும் அச்சமும் எந்தப் போர்க்காட்சியினும் கொடியவை. பின்னர் நார்ன் உலகின்மீது விண்கற்கள் எறியப்பட்டு அது பொடிபடும்போதும், அழிவைக் காட்டிலும் கப்பலின் சாளரத்தருகே பேச்சற்று நின்று பார்க்கும் லொண்டோவின் முகமே முதன்மை பெறுகின்றது. அவன் கேட்டது கிடைத்துவிட்டது; அதுவே தண்டனை.

தான் முதுமையில் ஜகாரின் கையால் நெரிபட்டு இறப்பதாக லொண்டோ கனவு கண்டிருக்கின்றான். இது தொடக்கத்திலேயே கூறப்படுகின்றது. முடிவு முன்னரே தெரிந்தபின் ஆர்வம் குன்றும் என எதிர்பார்க்கலாம். நிகழ்ந்ததோ வேறு. அக்காட்சியின் முழுவடிவம் 1996இல் வெளிப்பட்டபோது, அது பகைவனின் பழிவாங்கலன்று, அந்நிய உயிரொன்றின் ஆட்சிக்குட்பட்ட நண்பனை அவன் வேண்டுகோளின்படியே விடுவிக்கும் செயல் என்பது புலனாயிற்று. நிகழ்ச்சி மாறவில்லை, அதன் பொருள் மாறிற்று. ஊழைப் பாடிய நம் காப்பியங்களைப் பயின்றோர்க்கு இவ்வுத்தி புதியதன்று. வருவது இன்னதென்று தெரிந்திருந்தும், அது வரும் வழியைக் கண்டு நெஞ்சம் நைதல் சிலப்பதிகாரம் கற்றோர் அறிந்த அனுபவமே.

‘வொயேஜர்’ தொடரிலே சிறிது காலம் எழுதி 1999இல் விலகிய றொனால்ட் மூர், பின்னர் 1978ஆம் ஆண்டின் பழைய தொடரொன்றைப் புதுக்கி ‘பட்டில்ஸ்டார் கலக்டிகா’வை ஆக்கினார். 2003இற் குறுந்தொடராகத் தொடங்கி 2009 வரை அது நீடித்தது. சைலன்கள் என்னும் யந்திர இனத்தின் தாக்குதலால் பன்னிரண்டு உலகங்கள் அழிய, ஏறத்தாழ 50,000 பேர் மாத்திரம் கப்பற்கூட்டமொன்றிலே தப்பியோடுகின்றனர். ஆட்சிப் பொறுப்பு, வரிசையிலே 43ஆம் இடத்திலிருந்த கல்வி அமைச்சர் லோரா ரொஸ்லின் என்பவருக்கு வருகின்றது. அவர் முன்னாள் ஆசிரியை. தமக்குப் புற்றுநோய் என்பதை அன்றுதான் அறிந்தவர்.

‘33’ என்னும் முதல் அங்கத்திலே பகைவர் 33 நிமிடத்துக்கு ஒருமுறை தவறாது வருகின்றனர். ஐந்து நாளுக்கு மேலாக எவருக்கும் உறக்கமில்லை. கண் சிவந்து கை நடுங்கும் மாந்தரைத்தான் பார்ப்போர் காண்கின்றனர். விண்வெளி வீரம் என்ற பளபளப்பு அங்கு இல்லை, களைப்பு உண்டு. களைப்பு யாவரும் அறிந்தது. ஆதலின் அது நம்பப்படுகின்றது. பின்தங்கிய பயணிகள் கப்பலொன்று திரும்பி வருகின்றது. அதனைப் பின்பற்றியே பகைவர் வருகின்றனரோ என்ற ஐயம் எழுகின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஏறியிருந்த அக்கப்பலை அழிக்கும் கட்டளையை ரொஸ்லினும் தளபதி அடாமாவும் இடவேண்டியுள்ளது. அதனைச் சுடுபவன் தளபதியின் மகன். உள்ளே மக்கள் இருந்தனரா என்பது அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை. அந்த ஐயம் அவனை விட்டு நீங்கவுமில்லை.

ரொஸ்லினின் அறையிலே வெள்ளைப் பலகையொன்று தொங்குகின்றது. உயிரோடிருப்போரின் தொகை அதில் எழுதப்பட்டுள்ளது. இறப்பு நேருந்தோறும் அவர் அதனை அழித்துக் குறைத்தெழுதுகின்றார். அங்கத்தின் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வர, அத்தொகையோடு ஒன்றைக் கூட்டுகின்றார். கோடிக்கணக்கானோர் மாண்டதைக் கேட்டும் அசையாத நெஞ்சம் இவ்வொன்றிலே அசைகின்றது. எண்ணிக்கைக்கு உயிர் கொடுத்த இச்சிறு உத்தி, பணயத்தின் இலக்கணத்தை நன்கு உணர்ந்த ஆசிரியருக்கே வாய்க்கும். இத்தொடர் எழுப்பிய மனித உரிமை வினாக்களை முன்வைத்து 2009 மார்ச்சு 17ஆம் நாள் ஐக்கிய நாடுகள் தலைமையகத்திலே ஒரு கலந்துரையாடல் நடைபெற்றமையும் குறிப்பிடத்தக்கது.

ஆயினும் இத்தொடரும் ஈற்றிலே தன் விதியைத் தானே தளர்த்தியது. விமானி காரா த்ரேஸ் மூன்றாம் பருவத்தில் மடிகின்றாள், பின் மீள்கின்றாள், தன் பிணத்தைத் தானே காண்கின்றாள், இறுதி அங்கத்திலே விளக்கமின்றி மறைகின்றாள். எல்லாம் இறைவன் திட்டம் என்ற குறிப்பு மாத்திரமே எஞ்சுகின்றது. நாடகத்திலே தெய்வம் வருதல் இழுக்கன்று. நம் காப்பியங்களில் வாராத தெய்வமில்லை. ஆனால் மாந்தரின் தெரிவும் அதற்கு அவர் கொடுத்த விலையுமே கதையை நடத்துகின்றன என்று ஐந்தாண்டு நம்பவைத்தபின், கடைசி நாழிகையில் அவர்களை வேறொருவர் நடத்தினார் எனக் கூறுதல், முன்பு கொடுத்த விலையைக் குறைத்து மதிப்பதாகும். கப்பலைச் சுட்ட இளைஞனின் ஐயத்துக்கு அத்திட்டத்தில் இடம் எங்கே என்ற வினா விடையின்றி நிற்கின்றது.

இவ்வாராய்ச்சியால் மூன்று முடிபுகள் பெறப்படும். கற்பனை உலகம் எத்துணை விரிந்ததாயினும் அதற்கு மீறப்படாத வரம்பு வேண்டும், வரம்பில்லாதவிடத்து இழப்பில்லை. பணயம் உலகமாயிருப்பினும் அது ஒரு முகத்தின் வழியே, ஒரு கையின் வழியே, ஒரு பலகையிலுள்ள எண்ணின் வழியே வெளிப்பட வேண்டும். தெரிவு பாத்திரத்தினுடையதாயும், அதன் விலை பாத்திரத்திலே தங்குவதாயும் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் விஞ்ஞான நாடகத்துக்கு மாத்திரம் உரிய விதிகளல்ல. நாடகம் யாவற்றுக்கும் பொது. விஞ்ஞான நாடகத்திலே அவற்றை மீறுதல் எளிது என்பதால், அங்கே காத்தலின் அருமை மிகுதியாகின்றது. கருவிகளின் புதுமை பத்தாண்டில் பழமையாகும். 1953ஆம் ஆண்டின் கையுறை வேலையை இன்றைய மாணவன் கண்டால் நகைக்கலாம். எனினும் தன் மாணாக்கரைப் போன்ற மூவரைப் பெயர் சொல்லி அழைத்து உயிர்விடும்படி இரந்த முதியவரின் குரலைக் கேட்டு நகைப்பவன் இருக்கமாட்டான்.